பைப் வாங்கும்போது ஐஎஸ் எண்ணைப் பாருங்கள்

வீட்டு வேலைக்கு பைப் எடுக்கப் போனால், கம்பெனிப் பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் பைப்பின் மேல் நீளவாக்கில் அச்சடித்திருக்கும் ஐஎஸ் எண்ணை, அதாவது இந்தியத் தர விதியின் எண்ணைப் படியுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு வகை பைப்புக்கும் தனி விதி இருக்கிறது. குடிநீருக்கான யுபிவிசி (கடினமான பிவிசி பிளாஸ்டிக்) என்றால் 4985. கழிவுநீருக்குப் போடும் யுபிவிசி 13592, இது அழுத்தம் தாங்கச் செய்ததில்லை, கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றாலும் மோட்டார் லைனில் மாட்டிவிடாதீர்கள். கீசர் லைனுக்கு சூடு தாங்கும் பிவிசி வகையான சிபிவிசி, 15778. சாதா பிவிசி சூட்டில் இளகிவிடும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்புக்கு 1239, அதில் பைப்பின் கனத்தைக் காட்டும் வண்ணப் பட்டையையும் கவனியுங்கள்: மஞ்சள் லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. எண்ணே இல்லாத பைப்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் தொட மாட்டேன்.