ஆஸ்பத்திரிக்கு வராதவரை எப்படி எண்ணுவது? களஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலி மாவட்டத்தில், முக்கூடல் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம், படிவத்தில் இருந்தபடியே கேட்டேன்: "கடந்த 15 நாட்களில் உங்களுக்கு ஏதேனும் நோய் ஏற்பட்டதா?"

"நோயா? அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார். 'இல்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினேன். வழியனுப்ப எழுந்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். "இடுப்பு பிடிச்சிக்கிட்டு. ஆறு மாசமா இப்பிடித்தான். ராத்திரியானா இருமல் வேற தூங்க விடமாட்டேங்கு" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. படுக்கையில் விழுந்து, சோறு இறங்காமல் கிடந்தால்தான் அவருக்கு அது நோய். பீடி சுற்றுகிறவருக்கு இடுப்பு வலி தொழிலோடு வருவது. அதைப்போய் கணக்கெடுக்க வந்தவளிடம் சொல்வார்களா? அவர் மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்தே விடைகொடுத்திருந்தால், என் அட்டவணையில் ஆரோக்கியமான பெண்ணாகவே இருந்திருப்பார்.

மக்களுக்கு மருத்துவம் எட்டுகிறதா என்று ஆராயப் போகிற மாணவர்களும் செவிலியர்களும் தொண்டு நிறுவனத்துப் பிள்ளைகளும் வழக்கமாகச் செய்யும் தவறுகளை இங்கே எழுதுகிறேன். பாதிக்கு மேல் நானே செய்தவை. பார்க்க வெவ்வேறாக இருந்தாலும், இவை எல்லாமே கணக்கிலிருந்து தள்ளிவிடுவது ஒரே ஆளைத்தான்: வைத்தியம் கிடைக்காத ஆளை.

கேட்கிற சொல்லிலேயே தொடங்குகிறது

தானாகச் சொல்கிற நோயை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை அமர்த்தியா சென் 2002இல் எடுத்துக்காட்டினார். ஆயுள் கூடுதலான கேரளத்தில்தான் நோய் இருப்பதாகச் சொல்கிறவர்கள் அதிகம். ஆயுள் குறைவான பீகாரில் அப்படிச் சொல்கிறவர்கள் குறைவு. படிப்பும் பக்கத்தில் ஆஸ்பத்திரியும் இருக்கிற இடத்தில் மனிதர்கள் தங்கள் உடம்பைக் கவனித்து, வலிக்கு ஒரு பெயர் சொல்லத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு தெருவில் நோய் குறைவு என்று எண் வந்தால், அந்தத் தெருவில் எத்தனை பேர் டாக்டரைப் பார்த்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆங்கிலப் படிவத்தை மேசையில் வைத்து மொழிபெயர்த்துக்கொண்டு ஊருக்குள் போகாதீர்கள். "உங்கள் பகுதியில் சுகாதார சேவை எப்படி இருக்கிறது?" என்று ஒரு பெரியவரிடம் கேட்டபோது, "சாக்கடையை மாசத்துக்கு ஒருதடவ அள்ளுதாங்க" என்று பதில் வந்தது. அவர் சொன்னது சரி. ஊரில் சுகாதாரம் என்றால் சுத்தம்தான். "மேலுக்கு முடியாம இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, காய்ச்சல், இருமல், கிறுகிறுப்பு, மூட்டுவலி, ஆறாத புண் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வெள்ளைப்படுதல் போன்றவற்றைப் பெண்களே, தனியாக இருக்கும்போது கேட்கவேண்டும்.

அப்புறம் ஞாபகம். தேசிய மாதிரி ஆய்வில் ஆஸ்பத்திரியில் தங்காத வைத்தியத்துக்கு 15 நாள், தங்கிப் பார்த்த வைத்தியத்துக்கு 365 நாள் என்று இரண்டு வெவ்வேறு கால அளவு வைத்திருக்கிறார்கள். காரணம் எளிது: சாதாரணக் காய்ச்சல் மாதக்கணக்கில் நினைவில் நிற்காது, ஆஸ்பத்திரியில் படுத்தது நிற்கும். இரண்டையும் குழப்பி, "ஒரு வருடத்தில் எத்தனை முறை டாக்டரைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டால் கைக்கு வந்த எண்ணைச் சொல்வார்கள். ஒரு வருடத்துக்குக் கேட்க வேண்டியதை ஊர்க் கணக்கில், கோயில் கொடைத் திருவிழாவை வைத்துக் கேளுங்கள். "போன கொடைக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்றால் எந்த ஆச்சியும் சரியாகச் சொல்லிவிடுவார்.

யாரைக் கேட்டோம், யார் விட்டுப்போனார்

எனக்கு மிகுந்த வருத்தம் தரும் தவறு, ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து ஆய்வை முடித்துவிடுவது. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு, அதாவது அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு, மாவட்டம் தாண்டியும் ஆட்கள் வருகிறார்கள். அங்கே ஓ.பி. (வெளிநோயாளிகள்) வரிசையில் 300 பேரிடம் "வந்து சேரச் சிரமம் இருந்ததா?" என்று கேட்டுவிட்டு, சிரமம் குறைவு என்று எழுதினால் எப்படி? வந்து சேர முடிந்தவர்களிடம் மட்டும்தானே கேட்டிருக்கிறோம். நோயாளிகளின் அனுபவத்தை அறிய அந்த வரிசை நல்ல இடம். எட்டுகிறதா என்பதை அறிய ஊருக்குள்தான் போகவேண்டும்.

ஊருக்குள் போனாலும் ஆள் விட்டுப்போகும். தடுப்பூசி ஆய்வுக்காக உலக சுகாதார நிறுவனம் பரப்பிய 30 தொகுதி, தொகுதிக்கு 7 குழந்தை என்ற முறையை எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். ஊர் நடுவில் நின்று ஒரு திசையைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து, அந்தத் திசையில் ஒரு வீட்டிலிருந்து தொடங்குவது அதன் பழைய வழக்கம். இதில் நடுவில் இருக்கிற வீடுகளுக்கே வாய்ப்புக் கூடுதல். நம் ஊர்களில் நடு எது? கோயிலும் சாவடியும் இருக்கிற தெரு. ஓரத்தில், ஓடைக்கு அந்தப்பக்கம் இருப்பது காலனி. முறைப்படி செய்தும் காலனி விட்டுப்போயிருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. அதனால் முதலில் எல்லாத் தெருக்களையும் நடந்து, வீட்டுப் பட்டியல் போட்டுவிட்டு அதிலிருந்து சீட்டு எடுங்கள். இரண்டு நாள் கூடுதலாகும், ஆகட்டும்.

பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு என்பது அடுத்த தவறு. தாமிரபரணிக் கரையில் கார் நடவும் பிசான அறுவடையும் நடக்கும் நாட்களில் காலை பத்து மணிக்குப் போனால், வீட்டில் இருப்பவர்கள் முதியவர்களும் பீடி சுற்றும் பெண்களும்தான். வயலுக்கும் செங்கல் சூளைக்கும் போனவர்கள் மாலையில்தான் திரும்புவார்கள். உவரி, கூத்தங்குழி பக்கம் மீனவர்களைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம் நல்லது, அன்று கடலுக்குப் போகமாட்டார்கள். பூட்டிய வீட்டுக்கு வெவ்வேறு நேரத்தில் மூன்று முறையாவது போகவேண்டும். அப்படியும் கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்பதை அறிக்கையில் எழுதவேண்டும்.

வரைபடத்துக் கிலோமீட்டர்

சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம். சமவெளியில் 30,000 பேருக்கும் மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். இது அரசின் அளவுகோல். இதையும் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'போதுமான அளவு உள்ளது' என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. காரையார் அணையைத் தாண்டிக் காட்டுக்குள் நடந்து போகவேண்டிய இஞ்சிக்குழியில் இருக்கிற காணிப் பழங்குடி மக்களுக்கு அந்தக் கிலோமீட்டர் என்ன சொல்லும்? கீழே சமவெளியிலும் அப்படித்தான். நான்கு கிலோமீட்டர்தான், ஆனால் காலை எட்டு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது மத்தியானம் என்றால் அது நான்கு கிலோமீட்டர் இல்லை, ஒரு நாள்.

பென்சான்ஸ்கி, தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1981இல் 'எட்டுதல்' என்பதை ஐந்தாகப் பிரித்தார்கள். வசதி இருக்கிறதா, போய்ச்சேர முடிகிறதா, நேரமும் முறையும் நமக்கு ஒத்துவருகிறதா, செலவு கட்டுப்படியாகிறதா, அங்கே இருப்பவர்களும் நாமும் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்கிறோமா என்பவை அந்த ஐந்து. நம்மவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். ஐந்தாவதைத் தொடவே தயங்குகிறார்கள். மருத்துவ முகாம் எந்தத் தெருவில் நடந்தது, அந்தத் தெருவுக்கு யார் வரத் தயங்குவார்கள், போன தடவை போனபோது எப்படிப் பேசினார்கள் என்று கேட்காமல் திருநெல்வேலிச் சீமையில் எட்டுதலைப் பற்றி எழுத முடியாது.

செலவு 0 ரூபாய்

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு என்பேன், ஏனென்றால் கணக்குச் சரியாக இருக்கும்போதே நடக்கிறது.

"அரசு ஆஸ்பத்திரியில் எவ்வளவு செலவானது?" என்றால் "ஒண்ணுமில்ல" என்பார்கள். மருந்து இலவசம்தான். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கியதிலிருந்து மருந்து வாங்கி அனுப்புகிற முறை மற்ற மாநிலங்கள் பார்த்துக் கற்றுக்கொள்கிற அளவுக்கு இருக்கிறது. ஆனால் ஆட்டோ, கூடப் போனவரின் சாப்பாடு, வெளியே எடுத்த ஸ்கேன், போன அன்றைய கூலி, அடகு வைத்த கம்மலுக்கு வட்டி ஆகியவற்றை யாரும் ஆஸ்பத்திரிச் செலவாகச் சொல்வதில்லை, ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் வரும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். அதற்காகப் போக்குவரத்துச் செலவு இல்லை என்று எழுதிவிடக்கூடாது. அந்த ஊருக்கு வருவது தனியார் மினிபஸ் மட்டும்தான் என்றால் காசு கொடுத்துத்தான் ஆகவேண்டும். பீடி சுற்றும் பெண்ணுக்கு ஒரு நாள் போனால் பீடிக் கடையில் சுற்றிக் கொடுக்கவேண்டிய கணக்கு குறையும். அது கூலியிழப்பு, எழுதுங்கள். காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டு நிறுத்தாதீர்கள். முதலமைச்சர் காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செய்கிற சிகிச்சைக்கு. மாதாமாதம் மெடிக்கலில் வாங்குகிற சுகர் மாத்திரைக்கு அது உதவாது.

இன்னும் கவனமாக இருக்கவேண்டிய இடம் இனிமேல்தான். குடும்பச் செலவில் 10 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குப் போனால் அதைக் குடும்பத்தை முடக்கும் செலவு என்று உலக அளவில் கணக்கிடுகிறார்கள். சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சுவதில் 40 சதவீதம் என்பது இன்னொரு அளவு. இப்போது இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. நகையை வைத்துத் தனியாரில் சேர்த்துக் காப்பாற்றினார்கள். அந்த வீடு 'முடங்கிய குடும்பம்' என்ற பட்டியலில் வரும். அடுத்த வீட்டில் அதே நெஞ்சுவலி. வைக்க நகை இல்லை, கடன் கொடுக்க ஆள் இல்லை. 'வாய்வு' என்று சொல்லி ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். அவர் போய்ச்சேர்ந்தார். மருத்துவச் செலவு 0 ரூபாய். நம் அட்டவணையில் அது பாதுகாப்பாக இருந்த குடும்பம்.

செலவு பூஜ்யம் என்று வந்த ஒவ்வொரு வீட்டிலும் இன்னொரு கேள்வி கேட்காமல் எழுந்துவராதீர்கள்: "போகணும்னு நெனச்சு போகாம விட்டது உண்டா? ஏன் போகலை?" இறந்தவர்கள் இருந்தால் அவர்களைப் பற்றியும் மெதுவாகக் கேட்கவேண்டும். கேட்டுவிட்டு, அவர்கள் அழுதால் படிவத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கவேண்டும்.

பக்கத்தில் நிற்பவர்

நர்சம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், "நர்சம்மா ஒழுங்காக வருகிறாரா?" என்று கேட்டு என்ன பயன்? ஊர்த்தலைவரோடு போனாலும் இதே கதைதான். வழி காட்டட்டும், அறிமுகம் செய்யட்டும், அப்புறம் போய்விடட்டும். வீட்டுக்காரர் மனைவிக்காகப் பதில் சொல்லும்போது "அண்ணாச்சி, மதினிகிட்டயும் ரெண்டு கேள்வி கேட்டுக்கிடுதேன்" என்று சொன்னால் போதும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. "இதனால ஏதும் பணம் வருமா, ரேஷன் கார்டை எடுத்திருவாங்களா?" என்பார்கள். இரண்டுக்கும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆசையிலும் பயத்திலும் வருகிற பதில் இரண்டுமே உதவாது.

எந்தத் திருநெல்வேலி?

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. ஆனால் 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, 2017இல் இருந்த மாவட்ட எல்லைகளை வைத்து நடந்தது. அதில் வரும் 'திருநெல்வேலி' தென்காசியும் சேர்ந்த பழைய மாவட்டம். அந்த எண்ணை இன்றைய மாவட்டத்துக்கு எடுத்துப் போட்டு அறிக்கை எழுதுகிறார்கள். எல்லை சரியாக இருந்தாலும், ஆற்றங்கரை, ராதாபுரம் பக்கத்து வறண்ட காடு, கடற்கரை, மாஞ்சோலை மலை எல்லாவற்றையும் கூட்டி வகுத்த ஒரு சராசரி யாருடைய நிலையையும் சொல்லாது. பிரித்துக் காட்டுங்கள்.

"விழிப்புணர்வு இல்லை"

எத்தனையோ ஆய்வுகள் இந்த வரியில்தான் முடிகின்றன. மக்களிடம் விழிப்புணர்வு குறைவு, விழிப்புணர்வு முகாம் நடத்தவேண்டும். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த முக்கூடல் பக்கத்து அக்கா நினைவுக்கு வருகிறார். இரண்டாவது முறை போனபோது ஒழுங்காகக் கேட்டேன். புகையிலைத் தூள்தான் இருமலுக்குக் காரணம் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. பீடித் தொழிலாளர்களுக்கென்று முக்கூடலில் ஆஸ்பத்திரி இருப்பது தெரியும், எந்தப் பஸ் போகும் என்பதும் தெரியும். "போனா அன்னைக்குச் சுத்த முடியாதுல்லா. சுத்தாட்டா வாரக் கடைசியில கையில என்ன வரும்?" என்றார். இதில் எந்த இடத்தில் விழிப்புணர்வு இல்லை?

தெரியாமல் இருப்பதும் உண்டுதான். ஆனால் அதை எழுதுவதற்கு முன் நேரம், கூலி, துணைக்கு ஆள், அங்கே கிடைத்த மரியாதை என்று மற்ற எல்லாவற்றையும் கேட்டு முடித்திருக்கவேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. அது யாருக்குப் போய்ச்சேருகிறது, பகலில் வேலைக்குப் போகிறவர் வீட்டுக்குப் போகிறதா என்று பார்ப்பதும் நம் வேலைதான்.

ஆய்வு முடிந்ததும் ஊருக்குத் திரும்பிப் போகாமல் விடுவது கடைசித் தவறு. நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். ஒருமுறை ஓர் ஆச்சி, நான் உட்காருவதற்கு முன்னாலேயே கேட்டார்: "போன வருசமும் ஒரு பிள்ளை வந்து எழுதிட்டுப் போச்சே. அது என்னாச்சு தாயி?" அன்றிலிருந்து முடிவுகளை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி, சாவடியிலோ கோயில் வளாகத்திலோ மாலை நேரத்தில் வாசித்துக் காட்டுகிறேன். காலனியில் தனியாக இன்னொரு முறை வாசிக்கிறேன். அப்படி வாசிக்கும்போதுதான், "எங்க வீட்டுக்கு யாருமே வரலையே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். வீட்டுப் பட்டியலை அப்போதும் கையில் வைத்திருங்கள்.