தரக்குறைவுக்கு மாதம் எவ்வளவு போகிறது? சிறு பட்டறைக்கு ஒரு கணக்கு

கோவைப் பக்கம் பம்ப் ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். மாத விற்பனை 10 லட்சம் ரூபாய். (எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை, உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.) ரிஜெக்‌ஷன் (தவறாகிக் கழித்துப் போட்ட பீஸ்) எத்தனை என்று கேட்டால் 60 பீஸ் என்பார்கள். ரூபாயில் எவ்வளவு என்றால் பதில் வராது. சம்பளம், கரண்ட் பில், லாரி வாடகை என்று எல்லாவற்றிலும் அது கலந்து கிடக்கிறது.

படி 1: தலைப்பு பிரியுங்கள்

1950-களில் அமெரிக்கத் தர வல்லுநர் ஆர்மண்ட் ஃபைகன்பாம் முன்வைத்த பிரிவே போதும்: தவறு வராமல் தடுக்கும் செலவு, சோதிக்கும் செலவு, தவறால் வரும் செலவு. கடைசியை, பட்டறைக்குள் பிடிபட்டது, கஸ்டமரிடம் போய்ப் பிடிபட்டது என்று இரண்டாக்குங்கள்.

படி 2: ரிஜெக்‌ஷன்

விற்கும் விலையைப் போடாதீர்கள். அதில் லாபமும் சேர்ந்திருக்கிறது. அந்த பீஸில் அதுவரை போட்ட காசை மட்டும் கூட்டுங்கள். கம்பி 180, டர்னிங் (கடைசல்) 60, அதற்குப் பிறகு கிரைண்டிங் (சாணை பிடிப்பது) 30, ஆக 270 ரூபாய். ஸ்கிராப்பில் 40 திரும்பும். நஷ்டம் 230. 60 பீஸுக்கு 13,800. டர்னிங்கிலேயே பிடித்திருந்தால் ஒவ்வொன்றிலும் 30 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

படி 3: ரீவொர்க்

தவறான பீஸில் திரும்ப வேலை செய்து சரிசெய்வது. கணக்கிலிருந்து அதிகம் தப்பிப்போவது இதுதான். சரிசெய்த பீஸ் நல்ல பீஸாகவே வெளியே போய்விடுவதால் யாரும் எழுதி வைப்பதில்லை. ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு நோட்டு தொங்கவிடுங்கள். தேதி, எத்தனை பீஸ், என்ன காரணம், எத்தனை நிமிடம், இவ்வளவு போதும். ஆபரேட்டர் பெயருக்கு இடம் விடவே விடாதீர்கள். சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம் வந்த நாளிலிருந்து நோட்டு காலியாகத்தான் இருக்கும்.

150 பீஸ், பீஸுக்கு 10 நிமிடம் என்றால் 25 மணி நேரம். மெஷின் மணிக்கு 400 ரூபாய் வைத்தால் 10,000.

படி 4: மற்றவை

கஸ்டமர் போட்ட டெபிட் நோட் (தவறான சரக்குக்காக நம் பில்லில் பிடித்த தொகை), திரும்பி வந்த சரக்கின் லாரி வாடகை, கஸ்டமர் இடத்துக்கே போய் நல்லது கெட்டது பிரித்துக் கொடுத்த ஆள் செலவு: 25,000. இன்ஸ்பெக்டர் சம்பளம், கேஜ் கேலிப்ரேஷன், அதாவது அளவுக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பது (வருடச் செலவை 12-ஆல் வகுங்கள்), முதல் பீஸ் பார்க்கும்வரை மெஷின் நின்ற நேரம்: 24,000. தடுக்கும் செலவாகப் பயிற்சி, ஃபிக்ஸ்சர் (பீஸைப் பிடித்து நிறுத்தும் சாதனம்) பராமரிப்பு: 1,200.

படி 5: கூட்டுங்கள்

மொத்தம் 74,000; விற்பனையில் 7.4 சதவீதம். தவறுகளுக்கு மட்டும் 48,800 போகிறது, தடுக்க 1,200! எனக்கு மனம் பதறுவது இந்த இடத்தில்தான்.

இப்போது ரீவொர்க் நோட்டைக் காரணவாரியாகக் கூட்டுங்கள். அதிக நிமிடம் தின்ற ஒரே ஒரு காரணத்துக்கு மட்டும் அடுத்த மாதம் செலவு செய்யுங்கள். இன்ஸ்பெக்டரைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் யோசனை வந்தால், டெபிட் நோட் தொகை தொடர்ந்து மூன்று மாதம் இறங்கும்வரை தள்ளி வையுங்கள்.