சித்திரை, வைகாசி வெயிலில் தாழ்வாரத் தோட்டம்: வெண்டையும் கங்கோங் கீரையும் வளர்க்கும் முறை

வெளிநாட்டு விதைப் பாக்கெட்டுகளின் பின்புறத்தில் ‘கோடையின் தொடக்கத்தில் விதைக்கவும்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, சிங்கப்பூரில் அது எந்த மாதம் என்று புதிதாகத் தோட்டம் போடுவோர் குழம்புவதுண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டியிருக்கும் இந்தத் தீவில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 10 நிமிடந்தான். ஆயினும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களுக்கென்று சில இயல்புகள் உண்டு. மே மாதத்தை ஒட்டி வெப்பம் உச்சத்தை எட்டுகிறது, பிற்பகல்களில் இடியுடன் மழை கொட்டுகிறது, சூரியன் வானத்தின் வடக்குப் பக்கமாக நகர்ந்துவிடுகிறது. அடுக்குமாடி வீட்டில் தொட்டி வைப்பவர் இம்மூன்றில் கடைசியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பேன்.

படி 1: வெயிலை அளந்து பாருங்கள்

மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. டிசம்பரில் நேரடி வெயிலையே காணாத வடக்குப் பார்த்த தாழ்வாரத்துக்கு இப்போது நல்ல வெளிச்சம் கிடைக்கும். ஜனவரியில் வெயில் விழுந்த தெற்குப் பக்கமோ நிழலாகிவிடும். ஆகவே, சென்ற ஆண்டின் இறுதியில் பக்கத்து வீட்டில் காய்த்துக் குலுங்கியது என்பதற்காக அதே இடத்தில் அதே செடியை வைத்துவிடாதீர்கள். விடுமுறை நாள் ஒன்றில் காலை 8 மணி, 11 மணி, பிற்பகல் 1 மணி, 4 மணி என நான்கு முறை எட்டிப் பார்த்து, தொட்டி வைக்கவிருக்கும் இடத்தில் நேரடி வெயில் விழுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் உச்சிப்பொழுது ஏறத்தாழ 1 மணிக்கே வருகிறது என்பதால் 12 மணிக் கணக்கு இங்கே உதவாது.

வெண்டை, மிளகாய், கத்தரி போன்ற காய்க்கும் செடிகளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 6 மணி நேர வெயில் வேண்டும். கீரை வகைகள் 4 மணி நேரத்தில் சமாளித்துக்கொள்ளும். வெயில் குறைவான இடத்தில் வெண்டையை வைத்தால், செடி நெட்டையாக வளருமே தவிர பூப்பது அரிது. அந்தக் குறையை எந்த உரத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

படி 2: தொட்டியும் இடமும்

வெண்டைக்கு ஒரு செடிக்கு ஒரு தொட்டி என்ற கணக்கில் 30 சென்டிமீட்டர் ஆழமாவது தேவை. கங்கோங்கிற்கு 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள அகலமான தொட்டி போதும். பழத்துக்கு ஆசைப்படுவோர் பப்பாளியைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவராமல், தொட்டியிலேயே அடங்கிக் காய்க்கும் கலமன்சி எலுமிச்சைக் கன்றை வாங்கலாம். பொதுத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட்டிருக்க வேண்டும் என்பது விதி. கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைப்பதோ, விழுந்தால் கீழே நடப்பவர் உயிருக்கே ஆபத்து.

படி 3: மண்ணும் விதைப்பும்

கடையில் கிடைக்கும் தொட்டி மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு என்று கலந்து, மேலே இரு விரல் இடைவெளி விட்டு நிரப்புங்கள். வெண்டை விதைகளை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, ஒன்றரைச் சென்டிமீட்டர் ஆழத்தில் தொட்டிக்கு மூன்றாக ஊன்றி, முளைத்தபின் வலுவான ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் நிற்கும் செடியின் வேரும் அசையும்.

கங்கோங்கிற்கு விதைகூட வேண்டாம். தேக்கா சந்தையில் சமையலுக்கு வாங்கிய கட்டில், அடித்தண்டைக் கணுக்கள் மூன்று இருக்கும்படி நறுக்கி, கீழ்க் கணு புதையுமாறு ஈர மண்ணில் செருகினால் வேர் பிடித்துவிடும். இதைக் கண்ணாடிக் குவளை நீரில் வேர்விடச் செய்வோரும் உண்டு. டெங்கிக் காய்ச்சல் அதிகம் பரவும் மாதங்கள் இவை என்பதால் நேராக மண்ணில் செருகுவதையே பரிந்துரைப்பேன்.

படி 4: தண்ணீர்

காலை 9 மணிக்கு முன் ஊற்றுவது நல்லது. விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் நுழைத்துப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் தொட்டியின் அடித்துளை வழியே நீர் கசியும் வரை ஊற்றுங்கள். கங்கோங் மட்டும் இதற்கு விலக்கு, அதன் மண் எப்போதும் ஈரமாக இருக்கலாம். வெளியே அடைமழை பெய்தாலும் கூரைக்கு அடியில் இருக்கும் தொட்டிக்கு அதில் ஒரு சொட்டும் சேராமல் போகலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஒரு வாரமே போதும். ஆகவே தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை அகற்றிவிடலாம், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவலாம். மண்ணின் மேற்பரப்பு இறுகினாலும் நீர் தேங்கும் என்பதால் அவ்வப்போது கிளறிவிடுங்கள். தட்டை எடுத்தபின் வழியும் நீர், கீழ்மாடியில் மூங்கில் கழியில் காயும் துணிமேல் சொட்டாதபடி தொட்டியைச் சுவர் ஓரமாக நகர்த்துவது அண்டை வீட்டாருடன் நல்லுறவைக் காக்கும்.

படி 5: காற்றும் பூச்சியும்

இந்தப் பருவத்தில் விடியற்காலையில் திடீரென வீசும் சுமத்ராக் காற்று வெண்டைச் செடியைச் சாய்த்துவிடும் என்பதால், முழங்கால் உயரம் வந்ததுமே ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். மழை படாத செடிகளில் இலையின் அடிப்புறம் சிலந்திப்பேன் சேரும். இலை மேல்புறத்தில் வெளிர் புள்ளிகள் தெரிந்தால் அடிப்புறத்தில் நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சில சொட்டுப் பாத்திரச் சோப்பும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

படி 6: அறுவடை

கங்கோங் மூன்று நான்கு வாரங்களில் தயாராகும். வேரோடு பிடுங்காமல் அடியில் இரு கணுக்கள் விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வெண்டையின் மஞ்சள் பூ காலையில் விரிந்து அன்றே வாடிவிடும், அதிலிருந்து ஐந்தாறு நாளில் காய் விரல் நீளத்துக்கு வந்துவிடும். சந்தையில் கடைக்காரர் முறைத்தாலும் நாம் காயின் நுனியை ஒடித்துப் பார்ப்போம் அல்லவா, அதே சோதனைதான் இங்கும். சட்டென்று ஒடிந்தால் பறிக்கலாம், வளைந்தால் நார் ஏறிவிட்டது. அப்படி முற்றிய காய் ஒன்றைச் செடியிலேயே காயவிட்டால் அடுத்த விதைப்புக்கு விதை கிடைக்கும். பாக்கெட்டில் எஃப்1 என்று அச்சிட்டிருந்தால் மட்டும் அது கலப்பின விதை, அதன் பிள்ளைச் செடிகள் தாய்ச்செடியைப் போலவே காய்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதால் புதுப் பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.