இருபத்து மூன்றடி வண்டியோடு மெட்டு ஏறுவது

கம்பத்தில் எங்கள் மொட்டைமாடியில் நின்று மேற்கே பார்த்தால், இருட்டிய பிறகு மலைமேல் ஒரு வெளிச்சப் புள்ளி இடமும் வலமுமாக நகர்ந்து மெல்ல இறங்கிவருவது தெரியும். கம்பம்மெட்டுப் பாதை. மலையேறிக் கேரளத்துக்குள் நுழையும் இடத்தை எங்கள் பக்கம் மெட்டு என்போம். சின்ன வயதில் அந்தப் புள்ளிகளை எண்ணிக்கொண்டே தூங்கிப்போவேன். இப்போது அதில் ஒரு புள்ளி என் வண்டி.

முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு பெற்றதும் பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, சின்னக் கழிவறை எல்லாம் வைத்து வண்டிவீடாக மாற்றினோம். மாற்றத்தை ஆர்.சி. புத்தகத்திலும் ஏற்றிவிட்டோம். ஓட்டுவது நான். இறங்கி நின்று கை காட்டுவது என் வீட்டுக்காரர். மலையில் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் என் தம்பி. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை இருபது வருடமாக ஓட்டுகிறான். கேரவன் வாங்கிவிட்டோம், மூணாறும் வாகமண்ணும் போக ஆசை, ரோட்டைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது என்று சொல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் வண்டியை அளந்து, அளவை ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். எங்கள் வண்டி நீளம் 23 அடி. கண்ணாடிகளை விரித்தால் அகலம் எட்டடிக்குச் சற்றுக் குறைவு. மேலே சோலார் தகடு சேர்த்து உயரம் ஒன்பதரை. இந்த மூன்றையும் எல்லோரும் அளப்பார்கள். நான்காவது ஒன்று இருக்கிறது: பின் சக்கரத்தின் நடுவிலிருந்து வால் முடியும் வரை எவ்வளவு? எங்களுக்கு ஆறரை அடி. மலையில் பாடி நசுங்குவது பெரும்பாலும் இந்த ஆறரை அடியால்தான்.

ஏன் என்று புரிய ஒரு காலி மைதானமும் ஒரு கிண்ணம் கோலமாவும் போதும். வண்டியை நேராக நிறுத்தி, வலது பக்கப் பாடியை ஒட்டினாற்போல் தரையில் மாவால் ஒரு கோடு இழுங்கள். வாலைத் தாண்டிப் பின்னாலும் இரண்டு முழம் நீளட்டும். இப்போது ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்து, ஃபர்ஸ்ட் கியரில் ஊர்ந்து ஐந்தாறு அடி போங்கள். இறங்கிப் பாருங்கள். மூக்கு இடது பக்கம் போயிருக்கும், வால் கோட்டைத் தாண்டி வலது பக்கம் வெளியே வந்திருக்கும். எங்கள் வண்டி ஒரு சாணுக்கு மேல் வெளியே வந்தது. மலையில் அந்த ஒரு சாணில்தான் கைப்பிடிச் சுவர் இருக்கும், அல்லது எதிரே வருகிற பஸ்ஸின் கண்ணாடி இருக்கும்.

அதே மைதானத்தில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, ஒரு முழு வட்டம் அடியுங்கள். முன் சக்கரத் தடத்தையும் பின் சக்கரத் தடத்தையும் பாருங்கள். பின் சக்கரம் முன் சக்கரம் போன வழியில் போகாது, வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். எங்களுக்கு வித்தியாசம் நாலடிக்கு மேல். அப்படியானால் இடது வளைவில் முன் சக்கரம் வடிகாலுக்கு மூன்றடி தள்ளிப் போனாலும் பின் சக்கரம் வடிகாலுக்குள் இறங்கிவிடும். இந்த இரண்டையும் கண்ணால் பார்த்தபின் மெட்டு ஏறுங்கள். படித்துத் தெரிந்துகொள்வதும் மாவுக்கோட்டை வால் தாண்டி நிற்பதைப் பார்ப்பதும் ஒன்றல்ல.

முதல் பயணத்துக்குப் போடிமெட்டைச் சொல்வேன். அடிவாரத்து முந்தலுக்கு மேல் 17 கொண்டை ஊசி வளைவு. கம்பம்மெட்டைவிட வளைவுகள் தாராளம். மேலே போய்விட்டால் பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாறு வரை இப்போது ரோடு அகலம். கம்பம்மெட்டு இரண்டாம் பாடம்.

வளைவுக்கு வருவோம். நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள், ஏற்றத்தில் வலது கொண்டை ஊசி நமக்கு வெளிவட்டம். சுலபம், ஆனால் குறுக்கே வெட்டாதீர்கள். கஷ்டம் இடது கொண்டை ஊசியில். அங்கே நாம் உள்வட்டம்; வளைவின் உள்விளிம்புதான் ரோட்டிலேயே செங்குத்தான இடம். அதை ஒட்டிப் போனால் பின் சக்கரம் வடிகாலில் இறங்கும், வண்டியும் இழுக்காமல் திணறி நிற்கும். அதனால் வளைவுக்கு இருபது முப்பது அடி முன்பே வேகத்தைக் கொன்று, ஹாரன் அடித்து, கண்ணாடியை இறக்கிக் காது கொடுங்கள். மேலிருந்து சத்தம் வந்தால் அங்கேயே நில்லுங்கள். பஸ்ஸோ லாரியோ வந்தால் வளைவு முழுவதும் அவர்களுக்குத் தேவை. அவர்கள் வந்து போகட்டும்.

வழி காலியா? செகண்ட் கியருக்கு மாறிவிட்டு ஏறுங்கள். மாற்றுவதை வளைவுக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம். அகலமாக வலப்பக்கம் போய், மூக்கு வளைவின் பாதியைத் தாண்டும்வரை பொறுத்து, அப்புறம் ஒடியுங்கள். சீக்கிரம் ஒடிப்பதுதான் புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. மனசு பள்ளத்தைப் பார்த்ததும் கை தானாக இடது பக்கம் போகும். “அக்கா, இன்னும், இன்னும், இப்ப ஒடி” என்று தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன அந்த ‘இப்ப’ எனக்குப் பிடிபட நாலு தடவை ஏறி இறங்க வேண்டியிருந்தது.

இறக்கம் வேறு. ஏற்றத்தில் தப்பு செய்தால் வண்டி நின்றுபோகும். இறக்கத்தில் செய்தால் வண்டி நிற்காது.

கணக்காகவே சொல்கிறேன். எங்கள் வண்டி சாமான்களோடு நாலு டன். போடிமெட்டிலிருந்து போடி வரை ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். நாலு டன் ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 39 மெகாஜூல்; நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அந்தச் சூட்டில் பெரும்பங்கை நாலு சக்கரமும் வாங்கிக்கொள்ள வேண்டும். லைனிங் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயிலும் கொதிக்கும். டாட் 3 ரகப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4 ரகம் என்றால் 230. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய டாட் 3, 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். ஆயில் ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி பிடிக்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை.

அந்தச் சூட்டை இன்ஜினிடம் கொடுக்கத்தான் கியர். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று ஜீப்காரர்கள் சொல்வது சரியான விதி. இறக்கம் தொடங்கும் முன்பே செகண்டில் போட்டுவிடுங்கள். வேகம் பிடித்தபின் கியரைக் குறைக்கப் போய் அது விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் பெரிய ஆபத்து. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராமல், அழுத்தமாக ஒரு பிடி பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுக்க விடுங்கள். டீசல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் பூஸ்டர் உதவி இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், பவர் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும்.

கருகின வாசனை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து ஒதுங்கி, அரைமணி நேரம் நில்லுங்கள். சூடான பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும். இந்த அரைமணிக்காகவே ஃப்ளாஸ்கில் சுக்குக் காபி வைத்திருப்பேன்.

எதிரே வண்டி வந்து இரண்டும் கடக்க இடமில்லை என்றால் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்குகிறவர் ஓரமாக நின்று வழி விட வேண்டும். சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் நான் இறங்கும்போது இன்னும் கொஞ்சம் முன்னாலேயே செய்வேன்: கீழே இரண்டு வளைவு தள்ளி ஏதாவது ஏறிவருவது தெரிந்தால் அகலமான இடத்தில் நின்று லைட் அடிப்பேன். பின்னால் எடுக்கும் வேலையே வராது. மலைப்பக்கமா பள்ளத்துப்பக்கமா என்று தேர்வு இருந்தால் மலைப்பக்கம் ஒதுங்குங்கள். ரோட்டோரப் புல்லை நம்பாதீர்கள், அதன் அடியில் மண் இருக்கிறதா என்று மேலிருந்து தெரியாது.

இனி நேரம். காலை ஆறிலிருந்து எட்டு மணி வரை போடி, தேவாரம், கம்பம் பக்கமிருந்து ஏலத்தோட்ட ஜீப்புகள் வரிசையாக ஏறும். சாயங்காலம் நாலுக்கு மேல் அதே வரிசை வீடு திரும்ப இறங்கும். கூலி வேலைக்குப் போகிறவர்கள், அவர்களுக்கு நேரம்தான் சம்பளம். அவர்கள் பாதையை அடைக்காமல் பத்து மணிக்கு மேல் ஏறுங்கள், இரண்டு மணிக்குள் போய்ச் சேருங்கள். சபரிமலை சீசனில் கம்பம்மெட்டு வழியாக ஏறிக் குமுளி வழியாக இறங்கும்படி ஒருவழிப்பாதை போடுவார்கள். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் பக்கச் சரிவில் கல் உருளும். இரவெல்லாம் மழை பெய்த மறுநாள் காலை நான் வண்டியை எடுப்பதில்லை. மூடுபனியில் ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீமும் பனி விளக்கும் போதும்.

தண்ணீர்த் தொட்டியைக் கீழேயே நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். 120 லிட்டர் என்றால் 120 கிலோ. மேலே போய் நிரப்பிக்கொள்ளலாம். காஸ் சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி வால்வை மூடுங்கள். அரிசி, தோசைக்கல், அம்மி மாதிரி கனமானது எல்லாம் தரை மட்டத்தில். ஃபிரிட்ஜ் கதவுக்குக் கொக்கி.

கடைசியாக, இறங்கி நிற்கும் ஆள். கேமரா இருக்கிறதே என்பார்கள். கேமராவுக்குப் பள்ளத்தின் விளிம்பில் மண் நெகிழ்வது தெரியாது. நானும் அவரும் பஸ் கண்டக்டர் பழக்கத்தையே எடுத்துக்கொண்டோம்: பாடியில் இரண்டு தட்டு என்றால் ரைட், ஒரு தட்டு என்றால் ஓல்டான். வாயால் கத்துவது இன்ஜின் சத்தத்தில் கேட்காது. அவர் என் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் நான் நகர மாட்டேன்.

போன பிப்ரவரியில் சாந்தன்பாறைப் பக்கம், கைபேசி காட்டிய குறுக்குவழியை நம்பித் தோட்டத்து ரோட்டில் இறங்கிவிட்டேன். ஒரு ஜீப் அகலம். இருநூறு மீட்டர் போனதும் கான்கிரீட் முடிந்து வெறும் கல். திருப்ப இடமில்லை. அவர் இறங்கிப் பின்னால் போனார். ஒரு கையால் மிளகுக்கொடியை விலக்கிக்கொண்டு, மறுகையால் தட்டித் தட்டி, இருநூறு மீட்டரையும் ரிவர்ஸில் ஏற்றினார். ரோடு சட்டென்று நிமிரும் இடத்தில் வாலுக்கு அடியில் தொங்கிய கழிவுநீர்க் குழாய் கான்கிரீட் விளிம்பில் உரசி முறிந்தது. ஒரு தட்டு, நின்றேன். மேலே ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்த பெண்கள் ஆளுக்கொரு கல்லைத் தூக்கிவந்து விளிம்பில் அடுக்கிச் சரிவைத் தணித்தார்கள். “சேச்சி, பேடிக்கண்டா, பைய பைய” என்றார் டிரைவர். அக்கா, பயப்படாதீங்க, மெதுவா மெதுவா என்று அர்த்தம். முக்கால் மணி நேரம் ஆனது. குழாயை இப்போது அடிச்சட்டத்தோடு ஒட்டி மேலே மடக்கி வைத்திருக்கிறோம், உங்கள் வண்டியிலும் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாத ரோடு என்றால் முதல் நூறு மீட்டரை நடந்து பார்த்துவிட்டுத்தான் இப்போது மூக்கை நுழைக்கிறேன்.

இரவு தங்கலுக்கு ரோட்டோரம் வேண்டாம். சின்னக்கானல், சாந்தன்பாறைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு; 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள்ளேயே வந்ததை நாங்கள் மறக்கவில்லை. விடுதி வளாகமோ கேரவன் பார்க்கோ பாருங்கள், வாகமண்ணில் 2022-ல் ஒன்று தொடங்கினார்கள்.

நிறுத்தியதும் இன்ஜினை அணைக்கும் முன் முன்சக்கரத்தை மலைப்பக்கம் ஒடித்துவிடுங்கள். மூக்கு மேல்நோக்கி இருந்தால் ஃபர்ஸ்ட் கியர், கீழ்நோக்கி இருந்தால் ரிவர்ஸ். அவர் இறங்கி நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையை நீட்டிப் பார்ப்பார். மூன்று ஒரே சூடாக இருந்து ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அதில் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள், மறுநாள் மெக்கானிக்கைப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். அப்புறம் பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காலால் ஒரு உதை கொடுத்து இறுக்கிவிட்டு, பாடியில் ஒரு தட்டு தட்டுவார். அதற்குப் பிறகுதான் நான் பிரேக்கிலிருந்து காலை எடுப்பேன்.