பழைய லேப்டாப் ஆன் ஆகவில்லையா? எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

பவர் பட்டனை ஒரு முறை அழுத்திவிட்டு, பத்து விநாடி சும்மா கவனியுங்கள். விளக்கு எரிகிறதா? ஃபேன் சுற்றுகிறதா? லோகோ வருகிறதா? எந்த இடத்தில் நிற்கிறதோ, அங்கிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும். இதைப் பார்க்காமல் நேராக விண்டோஸை மறுபடி போட உட்கார்ந்துவிடுகிறவர்கள் நிறைய. சார்ஜர் பழுதாக இருந்தால் அதனால் என்ன பயன்?

விளக்கே எரியவில்லை என்றால்

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு, சார்ஜரைச் சுவரில் உள்ள பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள். லேப்டாப் பக்கத்துப் பின்னை லேசாக அசைத்துப் பாருங்கள். சார்ஜிங் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் பின்னோ ஜாக்கோ தளர்ந்திருக்கிறது. வேறு சார்ஜரை வாங்கிப் போட்டுப் பார்ப்பதானால், லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பழைய லேப்டாப்களில் பெரும்பாலும் 19 அல்லது 19.5 வோல்ட் இருக்கும். வோல்ட் அளவும் பின்னும் ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

சார்ஜர் நன்றாக இருந்தும் அசைவில்லையா? சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். அப்புறம் பேட்டரி இல்லாமல், சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். ஓடினால் குற்றவாளி பேட்டரிதான். பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்ட மாடலாக இருந்தால், கழற்றாமல் பட்டனை மட்டும் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். பல சமயம் அதுவே போதும்.

ஒரு எச்சரிக்கை: அடிப்பாகம் புடைத்தோ, டச்பேட் மேலெழும்பியோ இருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அமுக்கவோ குத்தவோ கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். அந்த வேலையைப் பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

விளக்கு எரிகிறது, திரை கறுப்பு

கேப்ஸ் லாக் கீயை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, கோளாறு டிஸ்ப்ளேவில் இருக்கலாம். டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால், திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட் போய்விட்டது. டிவியையோ மானிட்டரையோ எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தால் இன்னும் தெளிவாகிவிடும்.

கேப்ஸ் லாக்கும் அசையாவிட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது ரேம் என்ற தற்காலிக நினைவகத்தைத்தான். பழைய லேப்டாப்பில் தூசியும் ஈரமும் சேர்ந்து ரேமின் தொடர்பு முனைகள் மங்கிப்போவது சாதாரணம். சார்ஜர், பேட்டரி இரண்டையும் எடுத்துவிட்டு, உலோகப் பொருள் ஒன்றைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள். அடிமூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் ரேம் தெரியும். இரு பக்கக் கிளிப்புகளையும் வெளிப்புறமாக விலக்க, அது தானே சாய்வாக எழும். தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் தட்டிவிடுங்கள். திரும்பச் சாய்வாக முழுவதும் உள்ளே தள்ளி, 'டிக்' என்று கிளிப் பிடிக்கும் வரை அமுக்குங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள், பிறகு மற்றதை. ஸ்லாட்டையும் மாற்றிப் பாருங்கள். ரேமைத் தொட்ட பிறகு முதல் முறை ஆன் ஆகச் சில மாடல்களில் வழக்கத்தைவிட நேரம் பிடிக்கும். உடனே அணைத்துவிடாதீர்கள்.

லோகோவோடு நின்றுவிட்டால்

பென் டிரைவ், மெமரி கார்டு, பிரிண்டர் என்று செருகியிருப்பதை எல்லாம் பிடுங்குங்கள். மறுபடி ஆன் செய்து எஃப்2, எஃப்10, டெலீட், எஸ்கேப் ஆகியவற்றில் உங்கள் மாடலுக்கு உரிய கீயைத் தட்டி, விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போங்கள். அங்கே ஹார்ட் டிஸ்கின் பெயர் இருக்கிறதா?

பெயரே இல்லை என்றால் லேப்டாப்பை அணைத்து, டிஸ்கைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அந்த நிலையில் ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் ஃபைல்களுக்கு ஆபத்து.

பெயர் இருந்தும் விண்டோஸ் வரவில்லை, தேதியும் பல வருடம் பின்னால் காட்டுகிறது என்றால், மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். பல மாடல்களில் அது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. அது தீர்ந்தால் பயாஸ் அமைப்புகள் ஆரம்பத்தில் இருந்த நிலைக்குப் போய்விடும். விண்டோஸைத் தொடங்கும் பூட் முறை யுஇஎஃப்ஐ, லெகசி என இரண்டு உண்டு. ஒன்று மற்றதாக மாறிவிட்டால், நல்ல டிஸ்க் கூட கெட்டதுபோல் நடிக்கும்! பேட்டரியை மாற்றி, தேதியையும் பூட் முறையையும் சரி செய்யுங்கள்.

தேதி சரியாகவே இருந்தால், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஒரு வழி உண்டு. லோகோ வந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் ரிப்பேர் திரை தானே வரும். அதில் ஸ்டார்ட்அப் ரிப்பேரைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸைப் புதிதாக ஏற்றும் ரீசெட்டை இப்போது தொடவே வேண்டாம். அதற்கு முன், வேறு கம்ப்யூட்டரில் ஒரு பென் டிரைவில் உபுண்டு லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே லேப்டாப்பை ஓட்டி, முக்கியமான ஃபைல்களை வெளியே எடுத்துவிடுங்கள். பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு போட்ட டிஸ்க் என்றால் ரிகவரி கீ வேண்டும்.

எதற்குமே லேப்டாப் அசையவில்லை என்றால் மதர்போர்டு போயிருக்கலாம். அதற்காக ஃபைல்களும் போய்விட்டன என்று நினைக்க வேண்டாம். ஹார்ட் டிஸ்கைத் தனியே கழற்றி, டிஸ்கை யுஎஸ்பியில் இணைக்கும் சாட்டா யுஎஸ்பி கேபிள் மூலம் வேறு கம்ப்யூட்டரில் செருகினால், டிஸ்க் நன்றாக இருக்கும்வரை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம்.