குறிலும் நெடிலும்: டிஸ்ப்ளே வராத கணினியின் பீப்பையும் விளக்கையும் படிப்பது எப்படி?

போன ஐப்பசியில் ஒரு நாள் காலையில் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடை அக்கா போன் செய்தார். “தம்பி, சிபியு ஆன் ஆகுது, டிஸ்ப்ளே வரமாட்டேங்குது. கீ கீன்னு கத்திக்கிட்டே இருக்கு.” போனைக் கணினிக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன். நீளமாக ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி, மறுபடி அதே நீளச் சத்தம். கிளம்பும்போது பையனின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ரப்பர் எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

பவர் பட்டனை அழுத்தியதற்கும் திரையில் லோகோ வருவதற்கும் நடுவில் சில நொடிகள் இருக்கின்றன அல்லவா? அதற்குள் மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் வந்து சேரும் தாய்ப்பலகை) இருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருள், உள்ளே யார் யார் வந்திருக்கிறார்கள் என்று வருகைப் பதிவு எடுத்துவிடும். இதற்கு ‘பவர் ஆன் செல்ஃப் டெஸ்ட்’ என்று பெயர், சுருக்கமாக போஸ்ட். முதலில் மின்சாரம், அடுத்து பிராசஸர், பிறகு ரேம் (தற்காலிக நினைவகம்), அப்புறம் படம் காட்டும் கிராபிக்ஸ், கடைசியாக விண்டோஸ் இருக்கும் டிஸ்க். கிராபிக்ஸ் வரை வராமல் நின்றுவிட்டால் திரையில் எதையும் எழுதிக் காட்ட வழியில்லை. அதனால்தான் சத்தமும் விளக்கும். 1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசியிலேயே இந்த ஏற்பாடு உண்டு. எல்லாம் சரி என்றால் அது ஒரே ஒரு சின்ன பீப் கொடுக்கும்.

பீப்பையும் விளக்கையும் பார்த்து நமக்குத் தெரியவருவது, பதிவேடு எந்தப் பெயரில் நின்றது என்பது மட்டும்தான். ரேம் பெயரில் நின்றால் ரேமே போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிது வாங்கிவிடாதீர்கள். ரேம் ஸ்லாட்டில் தூசி இருக்கலாம், பிராசஸர் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருக்கலாம்.

ஒரு சொல் விளக்கம். நம் ஊரில் பெட்டி முழுவதையும் சிபியு என்போம். இங்கே பெட்டியை கேபினெட் என்றும் உள்ளே இருக்கும் சிப்பை பிராசஸர் என்றும் எழுதுகிறேன். மதர்போர்டின் மேல் ‘சிபியு’ என்று அச்சிட்டிருந்தால் அது பிராசஸரைத்தான் குறிக்கும்.

படி 1: ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்

பிளக் பாயின்டில் மின்சாரம் வருகிறதா என்று போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். யுபிஎஸ் இருந்தால் அதைத் தவிர்த்து நேராகச் சுவரில் மாட்டுங்கள். கேபினெட்டின் பின்னால் எஸ்எம்பிஎஸ் (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டப்பா) பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். வீட்டைப் பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது ஆஃப் ஆகியிருப்பதை இரண்டு மூன்று வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

மானிட்டர் விளக்கையும் பாருங்கள். பல மானிட்டர்களில் சிக்னல் வந்தால் வெள்ளை அல்லது நீலம், வராவிட்டால் ஆரஞ்சு. தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது என்றால் கேபிளை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும், மதர்போர்டில் இருக்கும் ஓட்டையில் அல்ல. ஐ5 12400எஃப் போல எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் வேலை செய்யாது. அந்தக் கணினியில் மதர்போர்டு ஓட்டையில் செருகினால் எவ்வளவு காத்திருந்தாலும் படம் வராது.

படி 2: ‘ஆன் ஆகவில்லை’ என்றால் எந்த மாதிரி?

பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லையா? ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டாக இருக்கிறதா? லோகோ வரை வந்து அதற்கு மேல் போகவில்லையா? மூன்றும் மூன்று நோய்கள். கடையில் போய் மூன்றையும் ‘ஆன் ஆகலை’ என்று சொன்னால் அவர்களும் முதலிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

படி 3: ஒன்றுமே நடக்கவில்லை

பல மதர்போர்டுகளில் கேபினெட் ஆஃப் ஆக இருக்கும்போதும் ஒரு சின்ன விளக்கு எரியும். பிளக் மாட்டியிருக்கும் வரை எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் மின்சாரத்தைக் கொஞ்சமாக அனுப்பிக்கொண்டே இருப்பதால் அது எரிகிறது. அந்த விளக்கு எரிந்தும் பட்டனுக்குப் பதில் இல்லையென்றால் முதலில் பட்டனைச் சந்தேகப்படுங்கள். பட்டனிலிருந்து வரும் மெல்லிய வயர் மதர்போர்டின் ஓரத்தில் இரண்டு பின்களில் செருகியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அந்த இரண்டு பின்களையும் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். கணினி எழுந்தால் பழுது பட்டனில்தான். எவை அந்த இரண்டு பின்கள் என்று கையேட்டைப் பார்த்து உறுதிசெய்த பிறகு தொடுங்கள், சரியா?

விளக்கே எரியவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் பக்கம் போக வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, மதர்போர்டிலிருந்து 24 பின் இணைப்பைக் கழற்றுங்கள். அதில் பச்சை வயர் ஒன்றுதான் இருக்கும். அந்தப் பச்சைக்கும் ஏதாவது ஒரு கறுப்புக்கும் பேப்பர் கிளிப்பை வளைத்து மாட்டிவிட்டு, பிறகு பிளக்கைச் செருகினால் எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்ற வேண்டும். (எல்லா வயரும் கறுப்பாக வரும் புதிய மாடல்களில் இதை நீங்கள் செய்ய வேண்டாம்.) சுற்றாவிட்டால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். சுற்றினால் நல்லது என்று மட்டும் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் சுமை ஏறும்போது படுத்துவிடும் எஸ்எம்பிஎஸ்களும் உண்டு. எதுவானாலும் எஸ்எம்பிஎஸ் டப்பாவைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். ஒரு தடவை காற்றுத் துவாரம் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தபோது காய்ந்துபோன பல்லி ஒன்று தெரிந்தது. அப்போதும் நான் திறக்கவில்லை.

படி 4: பஸ்ஸர் இருக்கிறதா?

ஃபேன் சுற்றுகிறது, படம் இல்லை, சத்தமும் இல்லை. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். இப்போது வரும் பல கேபினெட்டுகளில் பீப் கொடுக்கும் பஸ்ஸரே இருப்பதில்லை. வாய் இல்லாதவன் எப்படிக் கத்துவான்? கணினி உதிரிப் பாகம் விற்கும் கடையில் ‘மதர்போர்டு பஸ்ஸர்’ என்று கேளுங்கள். மிகச் சிறியது, விலையும் பெரிதில்லை. மதர்போர்டில் ‘ஸ்பீக்கர்’ என்று எழுதிய நான்கு பின்களில் மாட்ட வேண்டும்.

மாட்டிய பிறகு ஒரு சோதனை. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். ரேம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். இப்போது அது கத்த வேண்டும். கத்தினால் சந்தோஷப்படுங்கள்: பிராசஸருக்கும் மதர்போர்டுக்கும் உயிர் இருக்கிறது, ரேமைத் தேடும் அளவுக்குச் சுயநினைவும் இருக்கிறது. ரேம் இல்லாமலும் ஊமையாக இருந்தால் பிரச்சினை அதற்கு முந்தைய கட்டத்தில்: பிராசஸர், பயாஸ் அல்லது பிராசஸருக்குப் போகும் மின்சாரம்.

நான் முதன்முதலாக அசெம்பிள் செய்த கணினியில் இப்படித்தான் அரை நாள் போனது. எல்லா ஃபேனும் ஜோராகச் சுற்றின, படம் மட்டும் இல்லை. மதர்போர்டின் மேல் மூலையில், பிராசஸருக்கு என்றே தனியாகச் செருக வேண்டிய 8 பின் வயரைச் செருகவே இல்லை என்பதைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பார்த்தேன். சில போர்டுகளில் அது 4 பின்.

படி 5: பீப்பை எழுதிக்கொள்ளுங்கள்

பள்ளியில் படித்த குறிலும் நெடிலும் இங்கே கைகொடுக்கும். குட்டை பீப் குறில், நீள பீப் நெடில். ‘நெடில், குறில், குறில், இடைவெளி’ என்று காகிதத்தில் எழுதுங்கள். காதை நம்ப வேண்டாம், போனில் வீடியோ எடுத்து இரண்டு மூன்று தடவை போட்டுக் கேளுங்கள்.

இனி அர்த்தம் பார்க்க வேண்டும். இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது: எல்லா பயாஸுக்கும் பொதுவான அகராதி கிடையாது. அவார்டு என்ற கம்பெனியின் பயாஸில் 1 நெடில் 2 குறில் என்றால் கிராபிக்ஸ் பிரச்சினை. ஆசுஸ் மதர்போர்டு கையேடுகளில் அதே 1 நெடில் 2 குறில் திரும்பத் திரும்ப வந்தால் ரேம் தென்படவில்லை என்று பொருள். 1 நெடில் 3 குறில் வந்தால்தான் கிராபிக்ஸ். ஏஎம்ஐ என்ற கம்பெனியின் பழைய பயாஸில் பெரும்பாலும் குறில்களை எண்ண வேண்டும்: 3 என்றால் ரேம், 5 என்றால் பிராசஸர், 8 என்றால் டிஸ்ப்ளே மெமரி. பீனிக்ஸ் கம்பெனியின் பயாஸ் இடைவெளி விட்டு விட்டு, போன் நம்பர் சொல்வது போலக் கத்தும். 1-3-4-1 என்றால் ரேம், 1-2-2-3 என்றால் பயாஸ் சிப்பில் பிழை. ஆகவே உங்கள் மதர்போர்டின் பெயரைப் பார்த்து, அதன் கையேட்டைத் திறந்து, அங்கே இருக்கும் பட்டியலோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஓரளவு பொதுவாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: நெடில் மட்டும் நிற்காமல் திரும்பத் திரும்ப வந்தால் முதலில் ரேமைப் பாருங்கள்.

படி 6: விளக்கு

இப்போதைய அசெம்பிள் போர்டுகள் பலவற்றில் பீப்பைவிட விளக்கு வசதி. ஓரத்தில் நான்கு சின்ன விளக்குகள் வரிசையாக இருக்கும்: சிபியு (பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்). ஆசுஸ் இதை கியூ எல்இடி என்கிறது, எம்எஸ்ஐ ஈஸி டிபக் எல்இடி என்கிறது. ஆன் செய்ததும் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் பதிவேடு நின்றது.

டிராம் விளக்கு நின்றால் அவசரப்பட வேண்டாம். டிடிஆர்5 வகை ரேம் போட்ட புதிய கணினி முதல் தடவை ஆன் ஆகும்போது ரேமுக்குப் பயிற்சி கொடுக்கும், அதாவது ரேமோடு எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்க்கும். அது பல நிமிடம் பிடிக்கலாம். அதுவரை அந்த விளக்கு எரிவது இயல்பு. பயந்துபோய் பட்டனை அழுத்தி அணைத்தால் பயிற்சி மறுபடி முதலிலிருந்து. ஆன் செய்துவிட்டு, போய் ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள்.

கம்பெனி கணினிகளில் பவர் பட்டனே பேசும். டெல் மாடல்கள் பலவற்றில் ஆரஞ்சு மஞ்சளாகச் சில தடவை, பிறகு வெள்ளையாகச் சில தடவை மின்னும். 2 ஆரஞ்சு 1 வெள்ளை என்றால் பிராசஸர், 2-3 என்றால் ரேம் தென்படவில்லை, 2-4 என்றால் ரேம் பழுது, 3-1 என்றால் மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி, 3-2 என்றால் கிராபிக்ஸ். எச்பி அலுவலக மாடல்களில் சிவப்பும் வெள்ளையும்; கூடவே சிவப்புக்கு நெடிலும் வெள்ளைக்குக் குறிலும் ஒலிக்கும். அங்கே 3-2 ரேம், 3-3 கிராபிக்ஸ், 3-4 மின்சாரம், 3-5 பிராசஸர் தென்படவில்லை. பாருங்கள், டெல்லில் கிராபிக்ஸ் ஆன 3-2 எச்பியில் ரேம். இதையும் வீடியோ எடுத்துத்தான் எண்ண வேண்டும்.

படி 7: ரப்பர் வைத்தியம்

இப்போது ரப்பருக்கு வருவோம். அக்கா கடையில் செய்தது இதுதான். பிளக்கைப் பிடுங்கி, ஸ்லாட்டின் முனையில் இருக்கும் கிளிப்பை விலக்கி ரேமைக் கழற்றினேன். அதன் அடி விளிம்பில் இருக்கும் தங்க நிறப் பட்டைகள் மங்கியிருந்தன. மழைக்கால ஈரமும் ஜெராக்ஸ் தூளும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். வெள்ளை ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, தூளை பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள், எச்சில் போகும். நடுவில் இருக்கும் வெட்டு பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு முனையையும் ‘டக்’ என்று சத்தம் வரும் வரை அழுத்துங்கள்.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில். வரவில்லையென்றால் மற்றதைப் போடுங்கள். ஒரு ரேமுக்கு வருகிறது, மற்றதற்கு வரவில்லை என்றால் குற்றவாளி கிடைத்துவிட்டது. இரண்டும் ஒரு ஸ்லாட்டில் வராமல் இன்னொன்றில் வந்தால் ஸ்லாட் கெட்டிருக்கிறது.

கிராபிக்ஸ் கார்டுக்கும் இதே வைத்தியம்தான். கூடவே, அதற்குத் தனியாக வரும் பவர் வயரையும் பாருங்கள். பூட் விளக்கு நின்றால் டிஸ்க் கேபிளைக் கழற்றி மாட்டி, பயாஸ் திரையில் அந்த டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள்.

எதற்கும் மசியவில்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். பயாஸில் யாராவது எதையாவது மாற்றியிருந்தால் பழையபடி ஆகிவிடும். அதன் பிறகும் வராவிட்டால் கடைக்குக் கொண்டுபோங்கள், பீப்பை எழுதிய காகிதத்தோடும் வீடியோவோடும்.

அக்காவின் கணினி ரப்பர் வைத்தியத்துக்குப் பிறகு ஒரு குறில் கொடுத்து எழுந்தது. ஆனால் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது, அதனால் பிரவுசர் எந்தத் தளத்தையும் திறக்க மறுத்தது. தினமும் இரவு கடை மெயினையே அணைத்துவிட்டுப் போவதால் கணினிக்குள் இருக்கும் கடிகாரம் அந்த நாணய பேட்டரியை நம்பியே ஓடியிருக்கிறது. பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் சிஆர்2032 என்ற அந்த வகை பேட்டரி ஒன்று வாங்கி மாற்றினேன். பழையதைத் தூக்கிப் போட மனமில்லாமல் அக்கா கடையில் இருந்த சின்ன எடை மெஷினுக்குள் பேட்டரியாகப் போட்டுப் பார்த்தார். அதுவும் எரியவில்லை.