நெற்றி முழங்காலில் முட்டத் தேவையில்லை: ஆசனம் பழகுவோர் விடும் பிழைகள்

ஜூன் 21 யோகா தினம் முடிந்த கையோடு புதிதாகப் பழக ஆட்கள் வருகிறார்கள். வந்த முதல் கிழமையிலேயே, நாங்கள் ஒரு காலத்தில் விட்ட அதே பிழைகளை வரிசை தப்பாமல் விடுகிறார்கள். சாப்பிட்ட உடனே செய்யக் கூடாது, இறுக்கமான உடுப்பு ஆகாது என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. அவற்றை விடுவோம்.

குனிந்து காலைப் பிடிப்பது

இன்றைக்கும் பார்த்தால் கோபம் வருவது இதற்குத்தான். காலை நீட்டி இருந்து முன்னுக்குக் குனியும் பச்சிமோத்தானாசனம் என்றால் பெருவிரலைப் பிடித்து நெற்றியை முழங்காலில் முட்டுவது என்று நினைக்கிறார்கள். எட்டாவிட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு எம்புகிறார்கள். பின்னால் நின்று இன்னொருவர் முதுகை அமத்துவது அதைவிடக் கொடுமை. நாள் முழுக்கக் கதிரையில் இருந்து வேலை செய்யும் ஒருவர் அப்படித்தான் மூன்றாம் நாளே காலைப் பிடித்துவிட்டார். நான்காம் நாள் கிணற்றடியில் வாளி தூக்க நாரி விடவில்லை.

நாம் இருக்கும்போது நிலத்தில் அழுந்தும் எலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே போய் ஒட்டுபவை தொடையின் பின்தசைகள். கதிரையிலும் மோட்டார் சைக்கிளிலும் பொழுதைக் கழிப்பவருக்கு இவை பெரும்பாலும் இறுகிக் கிடக்கும். காலை நீட்டிக் குனியும்போது அந்த இறுக்கம் இடுப்பெலும்பை முன்னுக்கு உருளவிடாது. இடுப்பு செய்யாத வேலையை நாரி வளைந்து செய்கிறது. அப்போது முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் உள்ள தட்டுகள் முன்பக்கம் நசிய, உள்ளே இருக்கும் கூழ் பின்பக்கம் தள்ளுப்படும். காலுக்குப் போகும் நரம்பு வேர்கள் இருப்பதும் பின்பக்கம்தான். தட்டு பிதுங்குவது பெரும்பாலும் நாரியின் கடைசி இரண்டு மட்டங்களில். பிதுங்கினால் ஆற மாதக்கணக்கு எடுக்கலாம்.

விடிய எழும்பின உடனே குனிவது இன்னும் கெடுதல். இரவு படுத்திருக்கையில் இந்தத் தட்டுகள் நீரை உறிஞ்சி ஊதிவிடும். பின்னேரத்தைவிடக் காலையில் நாம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயரமாக இருப்பது அதனால்தான். ஊதிய தட்டை வளைத்தால் அதில் ஏறும் அழுத்தமும் கூட. ஆகவே எழும்பி ஒரு மணித்தியாலமாவது நடமாடிவிட்டுக் குனியுங்கள். குனிந்து முற்றம் கூட்டுவது அந்தக் கணக்கில் சேராது, அதுவும் இதே வளைவுதான்.

சரியாகச் செய்ய ஒரு போர்வையும் ஒரு துவாயும் போதும். போர்வையை 5 முதல் 8 சென்ரிமீற்றர் உயரம் வர மடித்து அதன் விளிம்பில் இருங்கள். கால்கள் நிலத்தில் இருக்கட்டும். துவாயைப் பாதத்தில் மாட்டி இரண்டு நுனியையும் பிடியுங்கள். வயிறு தொடையை நெருங்கும் அளவுக்கு முழங்காலை மடக்குங்கள். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு நிமிர வேண்டும். விடும்போது இடுப்பு மூட்டிலிருந்து முன்னுக்குச் சாய வேண்டும். தொப்புள் முதலில் போகட்டும், நெற்றி கடைசியில். ஐந்து மூச்சு நின்று எழுந்து, மூன்று தடவை செய்தால் போதும். ஒரு கையைப் பின்னுக்குக் கொண்டுபோய் நாரியைத் தடவிப் பாருங்கள். எலும்பு முனைகள் துருத்திக்கொண்டு நின்றால் அளவு தாண்டிவிட்டது. முழங்காலை இன்னும் மடக்குங்கள்.

தொடையின் நடுவில் இழுத்தால் பயமில்லை. நிலத்தில் அழுந்தும் அந்த எலும்பிலேயே குத்தினால் தசைநாண் நோகிறது, குறையுங்கள். முழங்காலுக்குக் கீழே விறைத்தாலோ மின்னடித்தது போல ஓடினாலோ அன்றோடு நிறுத்தி வைத்தியரைப் பாருங்கள். நாரி நோவோடு சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, இருக்கும்போது நிலத்தில் படும் இடம் மரத்துப்போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பத்மாசனத்தில் முழங்காலை அமத்துவது

சம்மணம் கொட்டி இருந்து சாப்பிட்டு வளர்ந்தவர்களும் இதில் ஏமாறுகிறார்கள். முழங்கால் கதவுப் பிணைச்சல் போல மடங்கி நீளும், முறுக்கைத் தாங்காது. திரும்ப வேண்டியது இடுப்புக் குழிக்குள் இருக்கும் தொடையெலும்பு. அது திரும்பாமல் பாதத்தைக் கையால் இழுத்து மற்றத் தொடையில் ஏற்றினால் முறுக்கு முழுவதும் முழங்காலின் உட்சவ்வில் இறங்கும். உட்பக்கம் ஊசி போலக் குத்தினால் காலை இறக்கிச் சுகாசனத்தில், அதாவது சாதாரணச் சம்மணத்தில், இருங்கள்.

பாய்

பனையோலைப் பாய் இருந்தும் படுத்தும் செய்வதற்கு. பளபளப்பான சீமெந்து நிலத்தில் அது வழுக்கும்; நின்று செய்யும்போது சுருட்டி வையுங்கள்.

சிரசாசனம்

உயர் குருதியமுக்கம், குளோக்கோமா என்ற கண்நோய், கழுத்து நோ: இதில் ஒன்று இருந்தாலும் தலைகீழாக நிற்பது வேண்டாம்.

மூச்சை அடக்குவது

திருமந்திரம் சொல்லும் கணக்கு, இழுக்கப் 16, அடக்க 64, விட 32. அது பழகித் தேர்ந்தவருக்கு. முதல் நாளே 64 வரை எண்ணப் பார்ப்பவருக்குத் தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். முதல் மூன்று மாதம் அடக்கவே வேண்டாம். 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்கள். அடுத்த மூச்சு அவசரப்பட்டு உள்ளே ஓடிவந்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

சவாசனத்தை வெட்டுவது

வேலைக்கு நேரமாகிறதென்றால் ஒரு ஆசனத்தை விடுங்கள், கடைசியில் மல்லாந்து அசையாமல் படுக்கும் இந்த ஐந்து நிமிடத்தை விடாதீர்கள். நாரி நோ உள்ளவர்கள் முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக்கொள்ளலாம். எழும்பும்போது நேரே எழும்பாமல், வலப்பக்கம் திரும்பிப் படுத்து, இடக்கையை ஊன்றி எழும்புங்கள். தலை கடைசியாக நிமிரட்டும்.